புது ஊரில் துணை தேடியவர்கள்

தமிழில் 'புலம்பு' என்றொரு சொல் உண்டு. ஒருவர் தம் துன்பத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி வருந்துவதை இன்று 'புலம்புதல்' என்கிறோம். பழந்தமிழில் அச்சொல்லுக்குத் தனிமை என்பது பொருள். தொல்காப்பியத்தின் உரியியலில் அப்பொருளே கூறப்பட்டுள்ளது. துணையின்றி இருப்பவர் கேட்பாரின்றித் தமக்குத் தாமே பேசிக்கொள்வதால், தனிமையைக் குறித்த சொல் காலப்போக்கில் அப்பேச்சையும் குறிக்கத் தொடங்கியிருக்கலாம். 'புலம்பெயர்தல்' என்பதில் வரும் 'புலம்' வேறு சொல். அது நிலத்தை, இடத்தைக் குறிப்பது. இலக்கணப்படி இவை இரண்டும் வெவ்வேறு. ஆயினும் புலம்பெயர்ந்தோர் வாழ்வில் இவ்விரண்டும் அருகருகே இருந்து வந்திருக்கின்றன.

மும்பையில் வாழும் தமிழர் பலருடைய குடும்ப வரலாறு தாராவியில் தொடங்குகிறது. இன்றைய தாராவியைக் காண்பவர்க்கு அது ஒரு காலத்தில் ஆள் நடமாட்டம் குறைந்த ஒதுக்குப்புறம் என்றால் வியப்பாக இருக்கும். இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைவான பரப்பில் பல இலட்சம் மக்கள் இங்கு வாழ்கின்றனர். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தாராவி பம்பாய்த் தீவின் வட எல்லையில், மாகிம் கழிமுகத்தை ஒட்டிக் கிடந்த சதுப்பு நிலம். கோலியர் எனப்படும் மீனவர்கள் வாழ்ந்த சிற்றூர் அது. 1909இல் வெளிவந்த பம்பாய் நகர விவரச் சுவடி, பம்பாயின் ஆறு பெரிய கோலிவாடாக்களுள் ஒன்றாகத் தாராவியைக் குறிப்பிடுகிறது. எல்லைக் காவலுக்காக 1737இல் கட்டப்பட்ட 'காலா கில்லா' என்னும் கருங்கோட்டை இன்றும் அங்கு உள்ளது. நகரத்தின் கடைசி என்று கருதப்பட்ட இடத்தில்தானே காவற்கோட்டை கட்டுவார்கள்!

அத்தகைய இடத்துக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மக்கள் ஏன் வந்தனர்? பஞ்சமும் தொடர்வண்டியும் காரணங்கள். பம்பாயிலிருந்து வந்த இருப்புப்பாதையும் சென்னையிலிருந்து வந்த இருப்புப்பாதையும் 1871இல் இராய்ச்சூரில் இணைந்தன. 1876இல் திருநெல்வேலிக்குத் தொடர்வண்டி வந்தது. அதே ஆண்டில் தொடங்கிய பெரும்பஞ்சம் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டியது. மழையை நம்பியிருந்த சிற்றூர்களிலிருந்து பலர் இலங்கைக்கும் பர்மாவுக்கும் சென்றனர். வேறு சிலர் பம்பாய்க்கு வந்தனர். அவர்களுக்கு வேலை கொடுத்தவை தோல் பதனிடும் சாலைகள். பாந்திராவில் இருந்த ஆட்டிறைச்சிக் கூடத்திலிருந்து தோல் கிடைத்தது. தாராவியில் நீரும் வெற்று நிலமும் இருந்தன. தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் நீக்கி, மரப்பட்டையும் கடுக்காயும் கலந்த நீரில் மீண்டும் ஊறவைக்கும் அத்தொழிலின் நாற்றத்தை நகரத்தார் விரும்பவில்லை. ஆகவே அத்தொழில் நகரின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது. தொழிலோடு தொழிலாளரும் ஓரத்துக்குத் தள்ளப்பட்டனர்.

வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ் முசுலிம்களும் ஆதிதிராவிடர்களும் ஆவர். முதலில் வந்தவர்கள் ஆடவரே. மனைவியும் மக்களும் ஊரில் இருந்தனர். சுற்றிலும் பேசப்பட்ட மராத்தியோ இந்துசுதானியோ அவர்களுக்குத் தெரியாது. உடலிலும் உடையிலும் தோலின் வாடை ஒட்டியிருந்தது. ஊருக்குத் திரும்ப வேண்டுமானால் பல நாள் பயணமும் பல மாதக் கூலியும் தேவைப்பட்டன.

தனிமையைப் பற்றி ஆராய்ந்த அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் இராபர்ட் வைசு, 1973இல் வெளியிட்ட தம் நூலில் தனிமையை இரண்டாகப் பிரித்தார். பழகுவதற்கு ஒரு வட்டம் இல்லாமை ஒன்று. மனம் திறந்து பேச நெருங்கிய ஒருவர் இல்லாமை மற்றொன்று. முதல் வகைத் தனிமையை நண்பர் கூட்டம் போக்கும். இரண்டாம் வகையை அக்கூட்டம் போக்காது. நூறு பேர் நடுவே இருந்துகொண்டே தாயை நினைத்து ஏங்கும் பிள்ளையை எண்ணிப் பார்த்தால் இவ்வேறுபாடு விளங்கும். தாராவிக்கு வந்தவர்கள் இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் எதிர்கொண்டனர். இரண்டுக்கும் வெவ்வேறு வழிகளைக் கண்டனர் என்பதே அவர்கள் வரலாற்றில் கவனிக்கத்தக்க செய்தி.

முதல் வகைத் தனிமைக்கு அவர்கள் கண்ட வழி, ஊர்க்காரர்கள் ஒன்றாகத் தங்குவது. ஒரே ஊரார் பலர் சேர்ந்து ஓர் அறையை வாடகைக்கு எடுத்தனர். பகல் வேலைக்குச் செல்பவர் இரவில் உறங்கினர். இரவு வேலைக்குச் செல்பவர் அதே இடத்தில் பகலில் உறங்கினர். சமையலுக்கு முறை வைத்துக்கொண்டனர். புதிதாக ஒருவர் ஊரிலிருந்து வந்தால் அவருக்கு வேலை கிடைக்கும் வரை அறையில் சோறு உண்டு. இதில் ஈகைக் குணம் மட்டும் இருந்ததாகக் கூற இயலாது. வந்தவர் வேலை கிடைத்ததும் பங்கு செலுத்த வேண்டும். அடுத்து வருபவருக்குத் தாமும் இடம் கொடுக்க வேண்டும். கணக்கும் கட்டுப்பாடும் இருந்ததால்தான் அந்த ஏற்பாடு தலைமுறைகளைக் கடந்து நிலைத்தது.

இரண்டாம் வகைத் தனிமைக்கு அஞ்சல்துறை ஓரளவு உதவியது. இந்தியாவில் அஞ்சலட்டை 1879இலும் பணவிடை 1880இலும் அறிமுகமாயின. பணவிடையை மக்கள் 'மணியார்டர்' என்றே அழைத்தனர். அந்தப் படிவத்தின் அடியில் செய்தி எழுத ஒரு சிறு துண்டு இருக்கும். நான்கைந்து வரிகளுக்கு மேல் அதில் இடமில்லை. "நான் சுகம். நெல் அறுத்தாயிற்றா? தங்கச்சியைப் பள்ளிக்கு அனுப்பவும்" என்ற அளவில்தான் எழுத முடியும். எழுதத் தெரியாதவருக்கு அறையில் இருந்த எழுத்தறிந்தவர் எழுதிக் கொடுப்பார். ஊரில் தபால்காரர் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு அந்த வரிகளைப் படித்துக் காட்டுவார். ஒருவர் சொல்ல, மற்றொருவர் எழுத, மூன்றாமவர் படிக்க, மனைவிக்கு எழுதிய செய்தியைத் தெருவே கேட்கும்! அந்தரங்கம் என்பது அதில் இல்லை. இருந்தும் மாதம் தவறாமல் வந்த அந்தத் துண்டுத் தாளைப் பெட்டியில் பத்திரப்படுத்திய குடும்பங்கள் பல.

பின்னர் நிலையான இடங்கள் எழுந்தன. தாராவியின் பெரிய பள்ளிவாசல் 1887இல் தோன்றியது. 1913இல் பிள்ளையார் கோயில் கட்டப்பட்டது. 1924இல் தாராவியின் முதல் பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது. அது ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம். இந்த மூன்று ஆண்டுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு மாற்றம் புலப்படும். வழிபாட்டிடம் தனியாக வந்த ஆடவர்க்கும் தேவை. பள்ளிக்கூடமோ, குடும்பமும் குழந்தைகளும் வந்து சேர்ந்துவிட்டதைக் காட்டுகிறது. ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தவர்கள், இங்கேயே இருக்கப் போகிறோம் என்று முடிவு செய்ததன் அடையாளமாகவே அப்பள்ளியைக் கொள்ள வேண்டும். திரும்பிப் போகும் நாளையே எண்ணிக்கொண்டிருப்பவருக்கு அண்டை வீட்டாரோடு பழக மனம் வருவதில்லை. தங்குவது என்று துணிந்த பிறகே புது ஊர் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது.

குடும்பம் வந்ததும் தனிமை அகன்றுவிட்டதா எனில், வீட்டில் இருந்த பெண்களுக்கு அது அப்போதுதான் தொடங்கியது. தாமிரபரணிக் கரையில் வயல்வெளியில் நடமாடி வளர்ந்த பெண், திருமணமாகித் தாராவியில் பத்தடிக்குப் பத்தடி அறைக்கு வருகிறாள். கணவர் விடியலில் வேலைக்குச் செல்கிறார். அவருக்குத் தொழிற்கூடமும் தேநீர்க் கடையும் ஊர்ச் சங்கமும் உண்டு. அவளுக்கு நான்கு சுவர். சங்கங்களின் தலைவர், செயலாளர் பெயர்களே நூல்களில் இடம்பெறுகின்றன. இப்பெண்கள் தனிமையை எப்படித் தாங்கினர் என்பதை எழுதி வைத்தவர் குறைவு.

அவர்களுக்குத் துணையானது குழாயடி. தண்ணீர் குறிப்பிட்ட நேரத்தில் மட்டுமே வரும். வரிசையில் நிற்க வேண்டும். முன்னால் நிற்பவர் மராத்தி பேசுவார். பின்னால் நிற்பவர் குசராத்தியோ கன்னடமோ பேசுவார். சண்டையும் அங்கேதான், நட்பும் அங்கேதான். "என் குடம்" என்று சொல்லத் தெரியாதவருக்குத் தண்ணீர் கிடைக்காது. ஆகையால் மும்பைத் தமிழ்ப் பெண்கள் பலர் இந்தியைப் பள்ளியில் கற்கவில்லை, குழாயடியில் கற்றனர். அடுத்துச் சீட்டு. பத்து இருபது பெண்கள் மாதந்தோறும் ஒரு தொகை போட்டு, ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொள்ளும் முறை. மும்பையில் அதனைப் 'பிஷி' என்பர். அதன் நோக்கம் சேமிப்பு. ஆனால் மாதம் ஒருநாள் ஒருவர் வீட்டில் அனைவரும் கூட வேண்டும் என்பதால், வராதவரைப் பற்றிக் கேள்வி எழும். "ஏன் வரவில்லை? உடம்புக்கு என்ன?" என்று ஒருவர் போய்ப் பார்ப்பார். தனித்து வாழ்பவர்க்கு இந்தக் கேள்வியைவிடப் பெரிய காவல் இல்லை. இட்லி வணிகமும் இவ்வாறே. தாராவியில் விடியலுக்கு முன் வேகும் இட்லி தலைச்சுமையாகவும் மிதிவண்டியிலும் நகரமெங்கும் செல்கிறது. அதனைச் செய்பவரும் விற்பவரும் பல மொழியினரோடு நாள்தோறும் பேசிப் பழகுகின்றனர்.

தாராவிக்கு மிக அருகில் உள்ள மாதுங்காவின் கதை வேறு. 1896இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியபின், நெரிசலைக் குறைக்க 1898இல் நகர மேம்பாட்டு அறநிலையம் அமைக்கப்பட்டது. அது தாதர், மாதுங்கா பகுதிகளில் அகன்ற தெருக்களையும் தோட்டங்களையும் வகுத்தது. அங்கே தென்னிந்தியர் பலர் எழுத்தராகவும் கணக்கராகவும் தட்டச்சராகவும் பணியேற்றுக் குடியேறினர். மணமாகாத இளைஞர்க்கு 'மெஸ்' எனப்படும் உணவு விடுதி துணையாயிற்று. நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே பந்தியில், ஒரே முகங்களோடு உண்பது தனித்திருப்பவர்க்குப் பெரிய ஆறுதல். பள்ளி வேண்டும் என்று கருதியோர் 1932இல் தென்னிந்தியக் கல்விக் கழகத்தைத் தொடங்கினர். ஒரு சிறு தொடக்கப்பள்ளியாகத் தொடங்கிய அது இன்று பல கல்லூரிகளை நடத்துகிறது. இசையில் நாட்டமுடையோர் 1952இல் சண்முகானந்த சபையை நிறுவினர். 1963இல் அதன் பேரரங்கம் கிங்ஸ் சர்க்கிள் அருகே திறக்கப்பட்டது. சயானில் பம்பாய்த் தமிழ்ச் சங்கம் அமைந்தது.

ஒன்றை மறைக்காமல் கூற வேண்டும். மாதுங்காத் தமிழரும் தாராவித் தமிழரும் நடந்து செல்லும் தொலைவில் வாழ்ந்தும், நெடுங்காலம் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் சென்றதில்லை. சாதியும் வருவாயும் இடையே நின்றன. ஒரே மொழி பேசுவோர் அனைவரும் ஒருவர்க்கொருவர் துணையாயினர் என்று எழுதினால் அழகாக இருக்கும், உண்மையாக இராது.

செம்பூருக்குத் தமிழர் பெருமளவில் வந்தது விடுதலைக்குப் பின்னர். 1950களில் மாகுலில் எண்ணெய்த் தூய்மிப்பு ஆலைகளும் திராம்பேயில் அணுசக்தி நிறுவனமும் அமைந்தன. பொறியாளர், தொழில்நுட்பர், அலுவலர் ஆகியோர்க்குக் குடியிருப்புகள் எழுந்தன. அந்நாளில் அது நகரிலிருந்து ஒதுங்கிய பகுதி. செட்டா நகரில் மேட்டின்மீது அமைந்த திருச்செம்பூர் முருகன் கோயில் இன்று அப்பகுதித் தமிழர் கூடும் இடங்களுள் ஒன்று.

தம்மவரோடு கூடியிருந்தது மட்டுமே போதுமானதாக இருந்ததா? 1960களின் பிற்பகுதியில் மும்பையில் தென்னிந்தியர்க்கு எதிரான குரல் எழுந்தது. வேலைகளை வெளியார் பறிக்கின்றனர் என்ற குற்றச்சாட்டு அதன் மையமாக இருந்தது. கடைகளும் உணவு விடுதிகளும் தாக்கப்பட்டன. அத்தகைய நாளில் தமிழர் சங்கத்தில் மட்டும் பழகியவர் அஞ்சி வீட்டுக்குள் இருக்க நேரும். மராத்தியில் நலம் கேட்கத் தெரிந்து, கணபதி விழாவில் பக்கத்துத் தெருவோடு சேர்ந்து நின்றவருக்கோ கதவைத் தட்டி விசாரிக்க ஓர் அண்டை வீட்டார் இருப்பார். தாய்மொழி வட்டம் ஒருவரைத் தாங்குகிறது; அந்த வட்டத்துக்கு வெளியே ஒரு வாசல் இல்லாவிட்டால் அதுவே ஒரு தீவாகிவிடுகிறது.

இன்று உலகம் முழுவதும் தனிமை ஒரு நலவாழ்வுச் சிக்கலாகக் கருதப்படுகிறது. பிரிட்டன் 2018இல் அதற்கென ஓர் அமைச்சரைப் பொறுப்பாக்கியது. உலக நலவாழ்வு நிறுவனம் 2023இல் சமூகத் தொடர்பு குறித்து ஓர் ஆணையத்தை அமைத்தது. தாராவியின் தோல் தொழிலாளர்க்கு இத்தகைய ஆணையம் எதுவும் இல்லை. ஆனால் அவர்கள் செய்தவற்றைக் கூர்ந்து நோக்கினால் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. அறைச் சமையல், மாதச் சீட்டு, வெள்ளிக்கிழமைத் தொழுகை, விடியற்காலைக் குழாய், மெஸ் பந்தி ஆகிய அனைத்தும் குறித்த நேரத்தில், குறித்த இடத்தில், அதே மனிதர்களோடு திரும்பத் திரும்ப நிகழ்பவை. ஒவ்வொன்றிலும் செய்வதற்கு ஒரு வேலை இருந்தது. "நண்பராக இருப்போமா?" என்று யாரும் கேட்டுக்கொண்டதில்லை. பழக்கம் முதலில் வந்தது. நட்பு பின்னால் வந்தது. பொங்கல் நாளில் தொண்ணூறடிச் சாலையில் பெண்கள் வரிசையாகப் பானை வைத்துப் பொங்கலிடும் காட்சி கண்ணுக்கு இனியது. ஆயினும் ஆண்டில் ஒருநாள் கூடும் பெருங்கூட்டத்தைவிட, வாரம் மூன்று நாள் நான்கு பேர் சந்திப்பதே தனிமையைக் குறைக்கிறது.

பணி மாற்றத்தால் புதுப் பள்ளிக்கு வரும் மாணவர்க்கும் இது பொருந்தும். முதல் சில வாரங்கள் கடினமானவை. இடைவேளையில் யாரோடு அமர்வது என்பதே பெரிய கேள்வியாக இருக்கும். அந்நாளில் வகுப்பு முழுவதற்கும் பிடித்தவராக முயல்வதைவிட, கபடிக் குழு, நூலகப் பணி, பேருந்தில் பக்கத்து இருக்கை என ஏதேனும் ஒன்றில் தவறாமல் இருப்பது பயன் தரும். வீட்டில் ஒருவரிடம் மனம் திறந்து சொல்வதும் தேவை. உறக்கம், பசி, படிப்பு மூன்றும் பல வாரங்கள் குலைந்திருந்தால் ஆசிரியரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ கூற வேண்டும். பள்ளிக்கூடம் அதற்காகவும் உள்ளது.

வீட்டிலேயே இருக்கும் மற்றொரு தனிமை பலருடைய கண்ணில் படுவதில்லை. மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளை நடத்துகிறது. அவற்றில் சேரும் மாணவர் தொகை குறைந்து வருகிறது. பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கின்றனர், தெருவில் இந்தியில் பேசுகின்றனர். ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்து தங்கும் பாட்டிக்குத் தமிழ் மட்டுமே தெரியும். முன்பு கணவன் வேலைக்குச் சென்றபின் பத்தடி அறையில் தனித்திருந்த பெண்ணின் நிலையில் இன்று அவர் இருக்கிறார். அவரிடம் நாளிதழின் ஒரு செய்தியை எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டும் பேரப்பிள்ளைக்குப் பிழை வரும். பாட்டி திருத்துவார். கால் மணி நேரத்தில் அந்த வேலை முடிந்துவிடும். மறுநாள் அவர் கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

இப்போது தாராவி மீண்டும் ஒரு மாற்றத்தின் வாயிலில் நிற்கிறது. அதனை மறுசீரமைக்கும் திட்டத்துக்கு மகாராஷ்டிர அரசு 2004இல் ஒப்புதல் அளித்தது. பல தடைகளுக்குப்பின் அண்மை ஆண்டுகளில் பணி வேகம் பெற்றுள்ளது. சிலருக்கு அங்கேயே அடுக்குமாடி வீடும், சிலருக்கு நகரின் வேறு பகுதிகளில் வீடும் என்பது ஏற்பாடு. சாக்கடையற்ற தெருவும் வீட்டுக்குள் குழாயும் கழிப்பறையும் வேண்டும் என்று பல்லாண்டு கேட்டுவந்த மக்களுக்கு அவை கிடைப்பது நன்மையே. வீட்டுக்குள் குழாய் வந்ததும் குழாயடி மறையும் என்பதும் உடன் நிகழ்வது. இருப்புப்பாதை ஓரக் குடிசைகளிலிருந்து மான்கூர்டு, வாஷி நாக்கா போன்ற இடங்களின் உயர்ந்த கட்டடங்களுக்கு 2000க்குப்பின் மாற்றப்பட்ட பல மொழிக் குடும்பங்கள் இதனை முன்பே கண்டுள்ளன. பழைய அண்டை வீட்டார் வேறு கட்டடத்தில், வேலை தொலைவில், மூடிய கதவுகள் வரிசையாக நிற்கும் நடைவழி.

குடிசை மறுவாழ்வு விதிகள் அத்தகைய கட்டடங்களில் வீடுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப பால்வாடி, நலமையம், சங்க அலுவலகம் ஆகியவற்றுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்கின்றன. பெரும்பாலும் கீழ்த்தளத்தில் ஓர் அறை அதற்கென இருக்கும். அதன் சாவி யாரிடம் இருக்க வேண்டும், மாலை ஆறு மணிக்கு அதனை யார் திறப்பது, அங்கே குழந்தைகளுக்குப் பாடமா, பெண்களுக்குச் சீட்டா, முதியோர்க்கு நாளிதழா என்பதை விதிகள் கூறுவதில்லை. குடியிருக்க வருபவர்கள் முதல் மாதத்திலேயே கூடிப் பேசித் தீர்மானிக்க வேண்டியவை அவை.